தலைமடை டிவி, கடைமடை டிவி: ஒரே டிஷ்ஷில் சிக்னல் பங்கீடு

12 செப்டம்பர்
புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி:

"மூன்று தளங்கள் கொண்ட வீடு. மொட்டை மாடியில் 60 செ.மீ. டிஷ், டிடி ஃப்ரீ டிஷ். இரண்டாம் தளத்தில் என் அறை டிவி. டிஷ்ஷிலிருந்து ஐந்தாறு மீட்டர் ஒயர். தரைத்தளத்தில் அம்மாவின் டிவி. அதற்கு நாற்பது மீட்டர். நடுவில் சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர். என் டிவியில் எல்லாச் சேனல்களும் வருகின்றன. அம்மாவின் டிவியில் பாதி நன்றாக வருகின்றன, மீதி கட்டம் கட்டமாக உடைகின்றன. ஒரே டிஷ், அதன் முகத்தில் சிக்னலை வாங்கும் எல்என்பியும் ஒன்றுதான், பிறகு ஏன் இப்படி? கடைக்காரர் 20 டெசிபல் பூஸ்டர் போடச் சொல்கிறார். பலவீனமான சிக்னலைப் பெருக்கினால் பலமாகிவிடும்தானே, ஐயா? அம்மாவுக்கு டிடி தமிழ் வந்தாக வேண்டும். அவர் இன்னும் பொதிகை என்றுதான் சொல்கிறார்."

12 செப்டம்பர், இரவு
பூஸ்டர் வாங்க வேண்டாம். குறைந்தபட்சம் இந்த வாரம் வேண்டாம்.

செட்டாப் பாக்ஸின் மெனுவில் இரண்டு பட்டைகள் இருக்கும். ஒன்று ஸ்ட்ரெங்த், மற்றொன்று குவாலிட்டி. இரண்டு டிவிகளிலும், நன்றாக வரும் ஒரு சேனலுக்கும் உடையும் ஒரு சேனலுக்கும் இரண்டு பட்டைகளையும் குறித்து அனுப்புங்கள். அது வரும்வரை ஊகமாக எதுவும் சொல்ல மாட்டேன்.

13 செப்டம்பர்
எண்கள் வரவில்லை. அதற்குள் எனக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

பூஸ்டருக்கு எது சிக்னல், எது இரைச்சல் என்று தெரியாது. உள்ளே வருவது எதுவானாலும் பெருக்கும். தன் பங்குக்குச் சிறிது இரைச்சலையும் சேர்க்கும். நாற்பது மீட்டர் ஒயரின் கடைசியில், டிவிக்குப் பின்னால் அதை மாட்டினால் ஸ்ட்ரெங்த் பட்டை ஆனந்தமாக ஏறும். குவாலிட்டி பட்டை இருந்த இடத்திலேயே இருக்கும், சில வேளைகளில் இறங்கும். கடைக்காரர் காட்டுவது முதல் பட்டையை. படத்தைத் தீர்மானிப்பது இரண்டாவது பட்டை.

35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் அனுப்புவது நம் மாடிக்கு வந்து சேரும்போது எவ்வளவு மெலிந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதை முதலில் தூக்குவது எல்என்பி. அது ஐம்பது, அறுபது டெசிபல் தூக்குகிறது. டெசிபல் என்பது சிக்னல் எத்தனை மடங்கு ஏறுகிறது, இறங்குகிறது என்பதற்கான அளவு. அந்த முதல் படியில் என்ன தெளிவு கிடைத்ததோ அதுதான் உச்சம். அதற்குப் பிறகு நாம் செய்வதெல்லாம் அந்தத் தெளிவைக் கெடுக்காமல் கீழே கொண்டுவருவது மட்டுமே. ஆகவே பலவீனமானதற்கு மருந்து டிஷ்ஷின் முகத்தில் இருக்கிறது: சரியான திசை, இறுகிய நட்டு, உப்பு ஏறாத இணைப்பு. டிவிக்குப் பின்னால் எதுவும் இல்லை.

14 செப்டம்பர்
எண்கள் வந்துவிட்டன. மேல் டிவி: இரண்டு சேனலுக்கும் ஸ்ட்ரெங்த் 90-க்கு மேல், குவாலிட்டி 75 முதல் 80. கீழ் டிவி: நல்ல சேனலுக்கு ஸ்ட்ரெங்த் 60, குவாலிட்டி 70. உடையும் சேனலுக்கு ஸ்ட்ரெங்த் 35, குவாலிட்டி 10-க்கும் 25-க்கும் இடையே தாவுகிறது.

இந்த 90, 75 எல்லாம் எதன் சதவீதம் என்று கேட்காதீர்கள். பாக்ஸ் செய்தவர் மனத்தில் தோன்றிய சதவீதம். ஒரு பாக்ஸின் 70-ஐ மற்றொரு பாக்ஸின் 70-உடன் ஒப்பிடக் கூடாது. ஒரே பாக்ஸில், ஒரு சேனலையும் மற்றொரு சேனலையும் ஒப்பிடலாம். அப்படிப் பார்த்தால் இங்கே ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மாடியில் எல்லாம் சமம், கீழே சமமில்லை. டிஷ்ஷில் குற்றமில்லை. வழியில் யாரோ சில சேனல்களை மட்டும் தின்கிறார்கள்.

16 செப்டம்பர்
முதல் சந்தேகம் ஒயர் மீதுதான். எல்என்பி வானத்திலிருந்து வரும் அலைவரிசையில் 9.75 கிகாஹெர்ட்ஸைக் கழித்துவிட்டு மீதியை ஒயரில் அனுப்புகிறது. 11 கிகாஹெர்ட்ஸில் வருவது ஒயருக்குள் 1.25 கிகாஹெர்ட்ஸாக இறங்குகிறது. 11.5-இல் வருவது 1.75-ஆக. டிஷ்களுக்குப் போடும் ஆர்ஜி 6 ஒயர் எல்லா அலைவரிசைகளையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. மேலே போகப்போகக் கூடுதலாகத் தின்கிறது. நூறு மீட்டருக்கு 1 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல், 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டி 30 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நாற்பது மீட்டருக்குக் கணக்குப் போட்டால் கீழ் அலைவரிசைச் சேனலுக்கு 9 டெசிபல், மேல் அலைவரிசைச் சேனலுக்கு 11 டெசிபல் இழப்பு. வித்தியாசம் வெறும் 2 டெசிபல். இது சிறிது சரிவைக் காட்டும். குவாலிட்டியை 70-இலிருந்து 10-க்குத் தள்ளாது. ஆகவே ஒயரை விடுதலை செய்கிறேன். நிபந்தனையுடன்தான்: சுவர் மூலையில் எங்காவது மடித்து ஆணி அடித்திருந்தால் மீண்டும் கைது.

அடுத்த சந்தேகம் ஸ்ப்ளிட்டர். அதன் முதுகில் ஏதோ அச்சிட்டிருக்கும். படித்துச் சொல்லுங்கள்.

17 செப்டம்பர்
"5–1000 மெகாஹெர்ட்ஸ்" என்று இருக்கிறதாம்.

அது கேபிள் டிவிக்கான ஸ்ப்ளிட்டர். கேபிளுக்கு அருமையானது. டிஷ் ஒயரில் ஓடுவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். அந்தப் பொருளின் எல்லை முடிகிற இடத்தில்தான் உங்கள் சேனல்களே தொடங்குகின்றன. எல்லைக்கு வெளியே அது எந்த அலைவரிசையை எவ்வளவு தின்னும் என்பதற்கு ஒழுங்கே கிடையாது. மேல் டிவிக்கு இருப்பு நிறைய, அதனால் தாங்கிக்கொண்டது. கீழ் டிவிக்கு ஏற்கெனவே ஒயர் இழப்பு. ஸ்ப்ளிட்டரும் கைவைத்ததும் படுத்துவிட்டது. 950–2400 என்று போட்ட ஒன்றை வாங்குங்கள். புதுச்சேரியில் நேரு வீதிப் பக்கம் கிடைக்காவிட்டால் டிஷ் மாட்டுகிறவரிடமே கேளுங்கள், பையில் வைத்திருப்பார்.

20 செப்டம்பர்
மாற்றிவிட்டார். கீழே எல்லாச் சேனல்களும் வருகின்றன. ஆனால் தூறல் விழுந்தாலே அம்மாவின் டிவி முதலில் போகிறதாம். மகனின் டிவி அசையவில்லை. "இதற்காவது பூஸ்டர்?" என்று கேட்கிறார். இந்த மனிதருக்குப் பூஸ்டர் மேல் ஒரு காதல்.

இங்கேதான் நான் முதலிலிருந்தே சொல்ல நினைத்த விஷயம் வருகிறது. வீட்டில் சிக்னல் குறைவாக இல்லை, பங்கீடு தவறு. வீராணம் ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒரே அளவு மடையைத் திறந்தால் கடைமடை வயல் காயும். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் இரு பக்கமும் சமமாக, ஏறத்தாழ 4 டெசிபல் இழப்புடன் கொடுக்கிறது. ஐந்து மீட்டர் ஒயருக்கும் நாற்பது மீட்டர் ஒயருக்கும் சமமாகக் கொடுப்பது நியாயம் போல் தெரியும். அநியாயம்.

கேபிள்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். தெருக் கம்பத்தில் இருக்கும் டேப்பைக் கவனித்திருக்கிறீர்களா? நேர்வழியில் ஓடும் சிக்னலிலிருந்து ஒரு பங்கைக் கிளையாக எடுக்கும் பொருள் அது. எண் பெரிதானால் கிளைக்குக் கிடைப்பது குறைவு. பெருக்கிக்குப் பக்கத்து வீட்டுக்கு 20 டெசிபல் டேப், தெருக்கோடி வீட்டுக்கு 8 டெசிபல் டேப். அருகில் இருப்பவருக்குக் கிள்ளிக் கொடுப்பார்கள், தொலைவில் இருப்பவருக்கு அள்ளிக் கொடுப்பார்கள். எல்லா வீட்டிலும் வந்து சேர்வது ஒரே அளவாக இருக்கும். நீங்களும் ஸ்ப்ளிட்டருக்குப் பதில் ஒரு 10 டெசிபல் டேப் போடுங்கள். கிளை உங்கள் அறைக்கு, நேர்வழி அம்மாவுக்கு. நேர்வழியில் இழப்பு ஒன்றரை டெசிபல்தான் இருக்கும். அம்மாவுக்கு இரண்டரை டெசிபல் லாபம். உங்களுக்கு ஆறு டெசிபல் நட்டம். உங்கள் குவாலிட்டி பட்டை அதைக் கவனிக்கக்கூடச் செய்யாது.

டேப்புக்கும் அலைவரிசை எல்லை உண்டு. முதுகைப் படியுங்கள்.

20 செப்டம்பர், சற்று நேரம் கழித்து
மஞ்சக்குப்பத்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: டேப் எதற்கு, மகன் பக்கத்து ஒயரில் ஒரு அட்டெனுவேட்டர் திருகினால் போதாதா? போதாது. அட்டெனுவேட்டர் தன்னிடம் வந்ததை வெப்பமாக்கி வீணடிக்கும். அதில் மிச்சமாவது கீழே போகாது. பலமானதைக் குறைப்பது வேறு, அதிலிருந்து எடுத்துப் பலவீனமானதற்குக் கொடுப்பது வேறு. அட்டெனுவேட்டருக்கு வேலை எப்போது என்றால், மாடியில் பெருக்கி வைத்து, அதன் பிறகு பக்கத்து டிவி திணறும்போது. டியூனருக்குள் அளவுக்கு மீறி ஏற்றினால் அது உள்ளேயே குழப்பிக்கொண்டு, பலவீனமான சிக்னல் போலவே படத்தை உடைக்கும். ஸ்ட்ரெங்த் 100, குவாலிட்டி 0 என்று வந்து நிற்கும் டிவிகளில் சில இந்த வகை. அவற்றுக்கும் பூஸ்டர் விற்றுவிடுவார்கள்.

22 செப்டம்பர்
டேப் யோசனைக்கு ஒரு திருத்தம் சேர்க்க வேண்டும். இங்கே ஒயர் சிக்னலை மட்டும் கீழே கொண்டுவரவில்லை. மின்சாரத்தை மேலே கொண்டுபோகிறது. பாக்ஸ்தான் எல்என்பிக்கு உயிர். 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலை, 18 வோல்ட் அனுப்பினால் கிடைமட்ட அலை. கோள் அனுப்பும் அலை இந்த இரண்டு திசைகளில் ஒன்றில் அதிரும்; எது வேண்டும் என்று பாக்ஸ் இப்படித்தான் சொல்கிறது. டேப்பின் கிளை வழியே பெரும்பாலும் மின்சாரம் போகாது, நேர்வழியில்தான் போகும். அப்படியானால் அம்மாவின் பாக்ஸ் அணைந்தால் மகனுக்கு டிவி இல்லை.

இதற்கு உடனே பதில் வந்தது: "இவ்வளவு நாள் நேர்மாறாக இருந்தது ஐயா. நான் பாக்ஸை அணைத்துவிட்டுத் தூங்கினால் கீழே அம்மாவுக்குச் சிக்னல் போய்விடும். டிவி பழுது என்று இருமுறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்." வந்தவர் ஸ்ப்ளிட்டரைப் பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. ஒரு பக்கம் மட்டும் மின்சாரம் விடும் ஸ்ப்ளிட்டர்கள் அப்படித்தான். மகன் தூங்கினால் அம்மாவுக்குத் தொடர் இல்லை.

இப்போது யோசித்தால், இரண்டே டிவி உள்ள வீட்டுக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று தோன்றுகிறது. இரண்டு வாய் உள்ள எல்என்பி ஒன்று வாங்கி, ஆளுக்கொரு தனி ஒயர் இறக்கிவிடலாம். பங்கீடே இல்லை. மின்சாரத் தகராறும் இல்லை. ஒருவர் செங்குத்து கேட்கும்போது மற்றவர் கிடைமட்டம் கேட்டாலும் சண்டை வராது. ஒரே ஒயரில் என்றால் 18 வோல்ட் அனுப்புகிறவர் கை ஓங்கிவிடும். டேப் எப்போது நல்லது? மூன்று, நான்கு டிவி, சுவருக்குள் ஏற்கெனவே ஒரே ஒயர் ஓடுகிறது, உடைக்க மனமில்லை என்னும்போது. லாஸ்பேட்டை வீட்டில் ஒயர் வெளிச்சுவரில்தான் தொங்குகிறது. இரட்டை வாய் எல்என்பியே போடுங்கள்.

28 செப்டம்பர்
கடலூர் முதுநகரிலிருந்து வேறொரு வாசகர்: "இரண்டு மூன்று நாளாகக் காலை 11 மணிக்குச் சற்று முன் சிக்னல் போகிறது. சில நிமிடங்களில் திரும்பி வருகிறது. வானத்தில் மேகமே இல்லை. எல்என்பியை மாற்றட்டுமா?"

மாற்ற வேண்டாம். சூரியன் குறுக்கே வருகிறது. ஃப்ரீ டிஷ் சேனல்களைச் சுமக்கும் ஜிசாட் 15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. கடலூரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கில், வங்கக் கடல் பக்கம், 69 பாகை உயரத்தில். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு சில நாள், சூரியன் சரியாக அந்தக் கோளுக்குப் பின்னால் போய் நிற்கிறது. நம் டிஷ்ஷுக்கு அந்தச் சிறு சிக்னலும் சூரியனின் பேரிரைச்சலும் ஒரே திசையில். பிறகு என்ன கேட்கும்? மார்ச் நடுவிலும் இதே நடக்கும், அப்போது 11.15 மணி வாக்கில். புதுச்சேரிக்கும் நேரம் ஏறத்தாழ இதுவே.

எரிச்சல்படுவதைவிட இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாளை அதே நேரத்தில் மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பாருங்கள். அதன் முகத்தில் தென்னங்கீற்றின் நிழல் விழுகிறதா? விழுந்தால் அந்தக் கீற்று கோளுக்கும் டிஷ்ஷுக்கும் நடுவில் இருக்கிறது. காற்று அடித்தால் மட்டும் படம் உடைகிறது என்று புலம்பும் பாதி வீடுகளுக்கு இதுதான் காரணம். எந்தக் கருவியும் இவ்வளவு துல்லியமாக எந்த மட்டையை வெட்ட வேண்டும் என்று காட்டாது. அண்டை வீட்டு மரமாக இருந்தால் அதைப் பற்றி நான் பேசவில்லை.

29 செப்டம்பர்
நிழல் விழுந்ததாம். அண்டை வீட்டு மரம்தானாம். டிஷ்ஷை மாடியின் மறுமூலைக்கு நகர்த்தச் சொல்லியிருக்கிறேன், அது மலிவு.

5 அக்டோபர்
ஞாயிற்றுக்கிழமை. சற்று விலகிப் போகிறேன். பிடிக்காதவர்கள் அடுத்த குறிப்புக்குத் தாண்டிவிடலாம்.

பலமும் பலவீனமும் மோதும் இந்தத் தலைவலி கடலூருக்குப் புதிதல்ல. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதைப் பிடிக்க இங்கே வீட்டுக்கு வீடு இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் பெரிய ஆன்டெனா கட்டினார்கள். அந்த அலையின் நீளமே ஏறத்தாழ 5 மீட்டர். ஆன்டெனாவின் குறுக்குக் கம்பி அதில் பாதி இருக்க வேண்டும். காகங்களுக்கு ராஜ்யம். படத்தில் எப்போதும் பனி பெய்துகொண்டே இருக்கும். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

பிறகு புதுச்சேரியில் ஒளிபரப்புக் கோபுரம் வந்தது. இங்கிருந்து இருபது கிலோமீட்டர்தான். படம் பளிச்சென்று வந்தது, ஆனால் பெரும்பாலும் டில்லியிலிருந்து வரும் இந்தி. வெள்ளிக்கிழமைப் பாட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கும் சென்னைதான் வேண்டும். புதுச்சேரியின் பலமான சிக்னல் பூஸ்டருக்குள் புகுந்து சென்னையை நசுக்கும். சென்னைப் படத்தின் மேல் வேறு யாருடைய தலையோ மெல்ல நகர்ந்து போகும்.

ஆன்டெனாவைத் திருப்பிக்கொள்ளலாமே என்பீர்கள். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரியும் வடக்கு-வடகிழக்கு, சென்னையும் வடக்கு-வடகிழக்கு. ஒன்றன் பின் ஒன்றாக அதே கோட்டில். பலமானவனுக்கு முதுகைக் காட்டினால் பலவீனமானவனுக்கும் முதுகைக் காட்டியாக வேண்டும்.

திருப்பாதிரிப்புலியூரில் ரேடியோ பழுது பார்க்கும் ஒருவர் இதற்கு வழி வைத்திருந்தார். டிவியின் ஆன்டெனா திருகில், வழக்கமான தட்டை ஒயரோடு இன்னொரு துண்டுத் தட்டை ஒயரையும் சேர்த்து இறுக்குவார். அதன் மறுமுனை திறந்தே தொங்கும். புதுச்சேரிச் சேனலை வைத்துக்கொண்டு அந்தத் துண்டைக் கத்தரிக்கோலால் சிறிது சிறிதாக நறுக்குவார். ஒரு நீளத்தில் புதுச்சேரிப் படம் சட்டென்று மங்கும். அங்கே நிறுத்திவிடுவார். அந்த நீளம் புதுச்சேரி அலைநீளத்தில் கால்பங்கு, ஒயருக்குள் அலை சற்று மெதுவாக ஓடுவதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு. முனை திறந்த கால்பங்கு ஒயர் அந்த ஓர் அலைவரிசைக்கு மட்டும் குறுக்குச் சுற்று போல நடந்துகொள்ளும்; மற்றவற்றைப் பெரிதாகத் தொடாது. சென்னை தப்பித்துவிடும். கட்டணம் எவ்வளவு வாங்கினார் என்று நினைவில்லை. ஒயர் துண்டுக்குக் காசு வாங்கியதில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் இருக்கும் பிடிவாதம் அந்தக் கத்தரிக்கோலிலிருந்து வந்தது. பலவீனமானதை அவர் தொடவே இல்லை.

7 அக்டோபர்
மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "எங்கள் மாடியில் அந்தப் பழைய ஆன்டெனா இன்னும் நிற்கிறது, அதில் டிஜிட்டல் வருமா?" என்கிறார்.

தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் சென்னை உள்ளிட்ட 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அது நகரத்துக்கானது. பூமி உருண்டை என்பது நமக்குப் பெரிய தடை: கோபுரம் 150 மீட்டர், உங்கள் ஆன்டெனா 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டாலும் ரேடியோ அடிவானம் 65 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். சென்னைக்கும் கடலூருக்கும் நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்கு மேல். கோடையில் கடலின் மேல் காற்றடுக்குகள் வெப்பமும் ஈரமும் மாறி அமையும்போது அலை வளைந்து வெகுதூரம் வரும். அப்படித்தான் அந்நாளில் இலங்கை ரூபவாகினி சில இரவுகளில் இங்கே எட்டிப் பார்த்தது. பழைய முறையில் அரைகுறைப் படமாவது தெரியும். டிஜிட்டலில் அரைகுறை கிடையாது. வந்தால் முழுதாக வரும், இல்லையேல் கறுப்புத் திரை. இதை நம்பி டிவி வாங்காதீர்கள். குழாயைத் துணி காயப் போட வைத்துக்கொள்ளுங்கள்.

24 அக்டோபர்
மழை தொடங்கிவிட்டது. கேள்விகளும் தொடங்கிவிட்டன.

மழை பெய்யும்போது போய், நின்றதும் வந்தால் அது வானத்தின் வேலை. 11 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டே முக்கால் சென்டிமீட்டர். கொட்டும் மழைத்துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். நமக்குக் கோள் உச்சிக்கு அருகில் இருப்பது நல்லது, மழைக்குள் அலை கடக்கும் தூரம் குறைவு. மழை நின்ற பிறகும் அரை மணி நேரம் வரவில்லை என்றால் அது வானம் அல்ல. எல்என்பியின் மூடியில் விரிசல், அல்லது ஒயர் முனையில் திருகும் எஃப் கனெக்டருக்குள் தண்ணீர்.

தேவனாம்பட்டினம், முதுநகர், அரியாங்குப்பம், வீராம்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் கனெக்டரை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மாட்டும்போது வெள்ளி போல் இருந்த ஒயரின் பின்னல், உப்புக் காற்றில் சாம்பல் பொடியாக உதிரும். வெளிப் பின்னல் அலுமினியம், நடுக்கம்பி பெரும்பாலும் செம்பு பூசிய இரும்பு. பூச்சு உரிந்தால் இரும்பு துருப்பிடிக்கும். சிக்னலைவிட முதலில் அடிபடுவது வோல்ட். நீளமான ஒயரில் இயல்பாகவே ஒன்றிரண்டு வோல்ட் குறையும். துருவும் சேர்ந்தால் 18 என்று புறப்பட்டது எல்என்பியில் 14-ஆகப் போய்ச் சேரும். அது செங்குத்தா கிடைமட்டமா என்று எல்என்பிக்கே புரியாது. பாதிச் சேனல் போய்விடும். பார்ப்பவர் டிஷ்ஷைத் திருப்பத் தொடங்குவார், இருந்த பாதியும் போகும்.

கருகிய அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கனெக்டர் திருகுங்கள், மேலே நீர்புகா நாடா சுற்றுங்கள், எல்என்பிக்குக் கீழே ஒயரை ஒரு தொங்கல் விட்டுக் கட்டுங்கள். மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும்; கனெக்டர் வரை ஏறாது.

16 நவம்பர்
லாஸ்பேட்டை வாசகரிடமிருந்து: "இரட்டை வாய் எல்என்பி போட்டாயிற்று. இரண்டு டிவியும் சமம். ஆனால் கனமழையில் இரண்டும் சேர்ந்து போகின்றன. ஒரு காகம் டிஷ்ஷின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்ததிலிருந்துதான்."

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனாலும் காகத்தை முழுதாக விடுவிக்க முடியாது; 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை அகலம் மூன்று பாகைதான். நட்டு தளர்ந்திருந்தால் காகத்தின் எடை ஒரு பாகை நகர்த்திவிடும். இறுக்குங்கள்.

இறுக்கும் முன் எல்என்பியை அதன் பிடிக்குள் மெல்லச் சுழற்றிப் பாருங்கள். குவாலிட்டி பட்டையில் கண் வைத்து, இரு பக்கமும். மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் நேராக வைத்து இறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே வர வர, பக்கவாட்டில் நிற்கும் கோளிலிருந்து வரும் அலை நமக்கு அதிகமாகச் சாய்ந்து வந்து சேரும். டில்லியில் பொருந்தும் கோணம் இங்கே பொருந்தாது. இருபது பாகைக்கு மேல் வித்தியாசம். இது இலவசமாகக் கிடைக்கும் தெளிவு. இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் 90 செ.மீ. டிஷ். பரப்பு இரண்டே கால் மடங்கு, ஏறத்தாழ மூன்றரை டெசிபல் லாபம், இரைச்சல் சேராமல். பூஸ்டர் எதுவும் அந்த மூன்றரையைத் தராது. பெரிய டிஷ்ஷுக்குப் பார்வை இன்னும் குறுகல், இரண்டு பாகை. காற்றையும் அதிகமாகப் பிடிக்கும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியதை மறந்துவிடாதீர்கள். நான்கு போல்ட், கைப்பிடிச் சுவரில் அல்ல, தளத்தில்.

17 நவம்பர்
"பூஸ்டர் எதுவும் தராது" என்று நேற்று எழுதியதை ஒருவர் பிடித்துக்கொண்டார். 80 மீட்டர் ஒயர் இறக்கும் அடுக்குமாடிக்கு என்ன செய்வது என்கிறார். நியாயம். அங்கே இழப்பு 20 டெசிபலைத் தொடும். கடைசியில் டியூனரின் சொந்த இரைச்சலே சிக்னலை மூழ்கடிக்கும். அங்கே பெருக்கி வேண்டும். ஒயருக்கு முன்னால், எல்என்பியை ஒட்டி, தெளிவு குறையுமுன். அதுவும் மேல் அலைவரிசையைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும் வகையாக இருந்தால் ஒயரின் சரிவும் நேராகிவிடும். மாடி வீட்டு டிவிக்கு டேப் கட்டாயம். நான் பூஸ்டருக்கு எதிரி அல்ல. டிவிக்குப் பின்னால் தொங்கும் பூஸ்டருக்கு எதிரி.

6 டிசம்பர்
கடைசியாக, ஒரே டிஷ்ஷில் இரண்டு கோள்களைப் பிடிக்கும் ஆசை உள்ளவர்களுக்கு. 93.5 பாகையில் நிற்பதும் 83 பாகையில் நிற்பதும் ஒரே 90 செ.மீ. டிஷ்ஷில் முடியும். எல்லாரும் செய்வது: அதிகம் பார்க்கும் கோளை நடுவில் வைப்பது. நான் செய்வது: பலவீனமாக வரும் கோளை நடுவில், பலமாக வரும் கோளைப் பக்கவாட்டில். டிஷ்ஷின் முழுப் பரப்பும் நடுவில் இருப்பவருக்குத்தான் உழைக்கிறது. ஓரத்தில் இருப்பவருக்குச் சில டெசிபல் குறையும். குறைவதைத் தாங்கக்கூடியவர் ஓரத்துக்குப் போகட்டும். எந்தப் பக்கம் என்று குழம்பாதீர்கள்: மேற்கில் இருக்கும் கோளுக்கான எல்என்பி கிழக்குப் பக்கம் வரும். டிஷ் ஒரு கண்ணாடி.

ஒரு வேடிக்கை. இன்டெல்சாட் 17 என்ற கோள் நிற்பது 66 பாகை. 66-க்கும் 93.5-க்கும் சரி நடு 79.75. கடலூரின் தீர்க்கரேகையும் அதுதான், மயிரிழை முன்பின். ஒன்று தென்கிழக்கில், ஒன்று தென்மேற்கில், இரண்டும் அதே 69 பாகை உயரத்தில். இதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. 27.5 பாகை இடைவெளியை நம் சாதாரண டிஷ் எட்டாது.

7 டிசம்பர்
83-க்கு எல்என்பி வைக்கத் தாங்குக் கம்பி எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்டவருக்கு: டிஷ்ஷின் குவிதூரத்தைப் பொறுத்தது. முதலில் 93.5-ஐ இறுக்கிவிட்டு, இரண்டாவதைக் கையில் பிடித்தபடி, குவாலிட்டி ஏறும் இடத்தைத் தேடி, அதன் பிறகு கம்பியை வெட்டுங்கள். வெட்டிவிட்டுத் தேடாதீர்கள்.